மூன்றாண்டு முடிவு

எங்கள் பிரிவில் ஆறு மேசைகள் உண்டு. வேலை பார்ப்பதற்கு நான் ஒருத்திதான். நந்தனத்தில் ஒரு பழைய அரசுக் கட்டடம், மூன்றாவது மாடி, கடைசி அறை. கதவின்மேல் ‘புத்தாக்க மற்றும் நெடுநோக்குப் பிரிவு’ என்று பித்தளைப் பலகை. மூன்று வருஷத்துக்கு முன்னால் குத்துவிளக்கு ஏற்றி, குரூப் ஃபோட்டோ எடுத்து, முந்திரி கேக் கொடுத்து ஆரம்பித்தார்கள். “முப்பது வருஷத்துக்கு அப்புறம் என்ன ஆகும் என்று யோசித்து எழுதுங்கள், அரசாங்கத்துக்கு உங்களைப் போன்றவர்கள்தான் தேவை” என்று பேசினார்கள். யோசிக்க வந்த ஆறு பேரில் ஐந்து பேர் முதல் வருஷத்திலேயே ஆளைப் பிடித்து வேறு பிரிவுகளுக்குப் போய்விட்டார்கள். எனக்கு ஆளைப் பிடிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

என் பெயர் ஜொவிட்டா. சாந்தோம்காரி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்குக் காரணம் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதும் இல்லை. ஜூன் முப்பதாம் தேதி ஓய்வு பெற வேண்டியவள். அதற்குள் எனக்கு ஒரே ஒரு காரியம் நடக்க வேண்டியிருந்தது. நான் எழுதிய நாற்பத்திரண்டு பக்கக் குறிப்பில் ‘மேலே அனுப்பலாம்’ என்று ஒரு கையெழுத்து விழ வேண்டும். விழாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். நான் போன மறுநாள் அந்த அறையையும் பூட்டிவிடுவார்கள்.

குறிப்பில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. நகரத்தின் நடுவில், மயிலாப்பூரிலும் தி.நகரிலும், பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இன்னும் இருபது வருஷத்தில் பல பள்ளிக்கூடக் கட்டடங்கள் காலியாகும். அதே தெருக்களில் வயதானவர்கள், அதிலும் தனியாக இருப்பவர்கள், பெருகிக்கொண்டே போவார்கள். காலியாகிற கட்டடத்தை இடிக்காமல், யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தால், ஒவ்வொன்றாக அவர்களுக்கான இடமாக மாற்றலாம். பகலில் வருவார்கள், சாப்பிடுவார்கள், டாக்டரைப் பார்ப்பார்கள், நாலு பேரோடு சண்டை போடுவார்கள், சாயங்காலம் வீட்டுக்குப் போவார்கள். இதில் முதல் ஐந்து வருஷத்துக்கு அரசாங்கம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இடிக்காமல் இருப்பது. இடிக்காமல் இருப்பதற்கு யார் வந்து ரிப்பன் வெட்டுவார்கள்?

“மேடம் ரிட்டயர்மெண்டுக்கு இப்பவே எடம் பாத்து வெச்சுக்கறாங்க” என்று இரண்டாவது மாடியில் ஒரு பேச்சு ஓடியது. என் காதுக்கும் வந்தது. ஆமாம், எனக்கும் சேர்த்துத்தான். அதில் என்ன தப்பு?

ஆனால் நான் எழுத ஆரம்பித்தது எனக்காக இல்லை. என் வீட்டு மாடியில் ஃப்ளோரா டீச்சர் இருந்தார். நாற்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை குளியலறையில் வழுக்கி விழுந்தார். வியாழக்கிழமை காலையில்தான் கதவை உடைத்தோம். அந்த இரண்டு நாளும் நான் கீழ் வீட்டில்தான் இருந்தேன். சீரியல் பார்த்தேன், முருங்கைக்கீரை ஆய்ந்தேன், ஜெபமாலை சொன்னேன். ஆஸ்பத்திரியில் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஜொவிட்டா, குவளையால தரையில தட்டிக்கிட்டே இருந்தேனே, உனக்குக் கேக்கலையா?” என்று கேட்டார். கேட்டது. பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள், அந்தச் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் டீச்சர் போய்விட்டார். கல்லறையிலிருந்து திரும்பி வந்த அன்று மாலையே முதல் பக்கத்தை எழுதினேன்.

எங்கள் பிரிவுக்கு மேலதிகாரி பிரசாத். இணைச் செயலாளர், முப்பத்தெட்டு வயது, மரியாதையான ஆள். எழுந்து நின்றுதான் பேசுவார். நான்கு முறை நினைவூட்டிய பிறகு, ஜூன் ஒன்பதாம் தேதி கூப்பிட்டார்.

“மேடம், எக்ஸலெண்ட் நோட். உண்மையாவே சொல்றேன்.”

“படிச்சீங்களா சார்?”

“சம்மரி பார்த்தேன்.” கொஞ்சம் வெட்கப்பட்டார். “ஒண்ணே ஒண்ணுதான். இதுக்கு முன்னுதாரணம் ஏதாவது இருக்கா? முன்னாடி யாராவது இதே மாதிரி எழுதியிருந்தா, அதோட தொடர்ச்சின்னு போட்டு இன்னிக்கே மேல அனுப்பிடுவேன். புத்தம் புதுசுன்னா அங்க பயப்படுவாங்க.”

“சார், இது புத்தாக்கப் பிரிவு.”

“அதனாலதான் மேடம் கேக்கறேன்” என்றார் பிரசாத். அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இவர் கொடுக்கத் தயாராக இருக்கிற பூசாரி, பழைய தேங்காய் ஒன்று கொண்டுவா என்கிறார். சரி, தேடிப் பார்ப்போம் என்று கீழ்தளத்துப் பதிவறைக்கு இறங்கினேன்.

பதிவறை கெங்கம்மாவின் ராஜ்ஜியம். நொச்சிக்குப்பத்திலிருந்து வருகிறவள், மீன்வளத்துறைப் படகில் வேலை பார்த்த கணவன் கடலில் போன பிறகு வாரிசு வேலையில் சேர்ந்தவள். என்னைப் பார்த்ததும் விசிறியை என் பக்கம் திருப்பிவைத்தாள்.

“இன்னா மேடம், ரூட்டு மாறி வந்துட்டீங்களா? இங்க எலி கூட வர்றது இல்ல.”

“தேடணும் கெங்கம்மா. பள்ளிக்கூடம், முதியோர் ரெண்டும் சேர்ந்து வர்ற மாதிரி பழைய ஃபைல் ஏதாவது இருக்கான்னு பாக்கணும்.”

மூன்று நாள் தேடினோம். ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு பதிவேடு. எந்தக் கோப்பு எப்போது வந்தது, யார் மூடினார்கள், எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று வரிசையாக எழுதியிருக்கும். வெளியாட்களுக்கு இது தெரிந்திருக்காது. அரசாங்கத்தில் எந்தக் கோப்பை மூடினாலும் அதன் ஆயுளையும் அப்போதே எழுதியாக வேண்டும். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று நான்கு வகை. மூடுகிற உதவியாளர் ஓரத்தில் இரண்டு எழுத்துப் போடுவார், ‘மூ.மு.’ என்றால் மூன்றாண்டு முடிவு. மூன்று வருஷம் கழித்து அந்தக் கோப்பு பழைய பேப்பருக்குப் போய்விடும்.

மூன்றாம் நாள் கெங்கம்மா விரலை ஒரு வரியில் வைத்தாள். “தோ கீது மேடம்.”

1993. ‘நகர மக்கள்தொகை மாற்றம், பள்ளிக் கட்டடங்களை முதியோருக்குப் பயன்படுத்துதல், ஆய்வுக் குறிப்பு. அனுப்பியவர்: ராமானுஜம், புள்ளியியல் அலுவலர்.’

நான் சந்தோஷத்தில் அவள் தோளைப் பிடித்துவிட்டேன். மூன்று வருஷமாக எனக்கு மட்டும் தோன்றிய பைத்தியக்கார எண்ணம் என்று நினைத்திருந்தேன். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே துறையில், இன்னொருவருக்கும் தோன்றியிருக்கிறது. எனக்கு ஒரு துணை இருந்திருக்கிறது.

“ஆனா ஃபைல் இல்ல மேடம். சேப்பு இங்க்ல ‘அழிக்கப்பட்டது’ன்னு போட்டுக்கீது. மூ.மு.” கெங்கம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டாள். “எந்தப் பேமானி மூணு வருசம் போட்டான்? கையெழுத்து ‘ஜொ’ன்னு கீது.”

அந்த ‘ஜொ’வின் கொம்பைக் கொஞ்சம் பெரிதாக வளைத்துப் போடுவேன். இன்றும் அப்படித்தான் போடுகிறேன்.

“அது நான்தான் கெங்கம்மா” என்றேன்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு, “வுடுங்க மேடம், இந்த ரூம்புல பாதி அப்டித்தான் போச்சு” என்றாள்.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது, உதவியாளர். ராமானுஜம் சாரை நாங்கள் ‘ஜோசியர்’ என்போம். கேன்டீனில் அவர் தனியாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடும்போது யாராவது கையை நீட்டி, “சார், எனக்கு எப்போ கல்யாணம்?” என்று கேட்பார்கள். ஒரு முறை நானே நீட்டியிருக்கிறேன். அவர் குறிப்பில் மேலதிகாரி ‘பார்த்தேன், மூடலாம்’ என்று எழுதி அனுப்பினார். அந்த வாரம் அலமாரியில் இடமில்லை. கட்டாக வந்த பதினெட்டுக் கோப்புக்கும் பிரிக்காமலே வரிசையாக மூ.மு. போட்டேன். புள்ளிவிவரம் உள்ள குறிப்பை நிரந்தரத்தில் வைக்க வேண்டும் என்று எங்கள் துறைக் கையேட்டில் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு அப்பால் பார்க்கச் சொன்ன ஒரு தாளுக்கு மூன்று வருஷம் ஆயுள் கொடுத்தவள் நான்.

அவரிடம் ஒரு நகல் இருந்தால் போதும் என்று தோன்றியது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். இருந்தாலும் ஓய்வூதியப் பிரிவில் முகவரி வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சித்திரக்குளம் பக்கம் நடந்தேன்.

கதவு திறக்க வெகு நேரம் ஆனது. எண்பத்தேழு வயது, வேஷ்டி, நெற்றியில் நேராக இழுத்த ஸ்ரீசூர்ணம். “வாங்கோ, வாங்கோ. ஆத்துல வேற யாரும் இல்லை. காபி நானே கலப்பேன், சுமாரா இருக்கும்” என்றார். பிள்ளை டொராண்டோவில் என்று சுவரில் இருந்த படமே சொன்னது. யார் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. “அந்த சாந்தோம் பொண்ணா நீ! உக்காரு, உக்காரு.”

அவர் காபியோடு வந்து உட்கார்ந்ததும், பள்ளிக்கூடம், முதியோர், குறிப்பு என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

“எடுத்துட்டேளா? கடைசில எடுத்துட்டேளா!” நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டார். “எனக்குத் தெரியும். என் சம்சாரம் இருக்கறச்சே சொல்லிண்டே இருப்பேன். அது எங்கயும் போகாதுடி, ‘நிரந்தரத்தில் வைக்கவும்’னு மேலயே எழுதியிருக்கேன், என்னிக்காவது ஒருத்தர் எடுத்துப் பாப்பான்னு. அதனாலதான் ஆத்தை இடிச்சு ஃப்ளாட்டா கட்டறச்சே என் காப்பியைக் கூட வெச்சுக்கலை. ஆபீஸ்ல பத்திரமா இருக்கறச்சே இங்க எதுக்கு?”

அங்கேயே எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். அவர் சந்தோஷத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனால் யாருக்கு நஷ்டம்? ஆனால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் முடியவில்லை.

“சார், அது இல்லை. அழிச்சுட்டாங்க. மூணு வருஷம்னு போட்டு மூடினது நான்தான்.”

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“படிச்சுட்டு மூடினியா, படிக்காம மூடினியா?”

“படிக்காமதான் சார்.”

தலையாட்டினார். “அப்போ பரவாயில்லை. படிச்சுட்டு மூடியிருந்தா நான் எழுதினதுல ஏதோ சரியில்லைன்னு ஆயிருக்கும்.”

என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அழுகை வந்தது, அழுதேன். அவர் எழுந்து போய்ப் பூத்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு, “உன்னுதைக் கொண்டு வந்திருக்கியோன்னோ? படி” என்றார். நாற்பத்திரண்டு பக்கத்தையும் வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். எண்கள் வரும்போது மட்டும் விரலைத் தூக்கித் திரும்ப வாசிக்கச் சொன்னார். “இந்த நம்பர் 2032ல வரும்னேன். ஏழு வருஷம் முன்னாடியே வந்துடுத்து” என்றார் ஓரிடத்தில். கிளம்பும்போது, “அடுத்த ஞாயித்துக்கிழமையும் வரியோ?” என்று கேட்டார். வருகிறேன் என்றேன்.

அன்று இரவு என் வீட்டில் மேலே எந்தச் சத்தமும் இல்லை. நான் உட்கார்ந்து யோசித்தேன். முன்னுதாரணம் இருந்தது என்று சொல்ல முடியும். பதிவேட்டில் இருக்கிற ஒரு வரி போதாது, குறிப்பைக் காட்டத்தான் முடியாது. பிரசாத் ‘பார்த்தேன், மூடலாம்’ என்று எழுதுவார். பிரிவில் வேறு ஆள் இல்லாததால் மூடுகிற வேலையும் என் தலையில்தான் விழும். நானே நிரந்தரம் என்று போட்டுக்கொண்டால்? கையேடு என்ன சொன்னாலும், இப்போதெல்லாம் அரசாணை இல்லாத கோப்பை நிரந்தரத்தில் எடுக்கமாட்டார்கள், திருத்திவிடுவார்கள். கூப்பிட்டுக் கேட்க யாராவது இருந்தால் கேட்டிருப்பேன். அந்த வீட்டில் என்னைத் தவிரக் குளிர்சாதனப்பெட்டிதான் பேசுகிறது.

முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. அரசாங்கத்தில் நல்ல யோசனை நகராது, குற்றம் நகரும். ஒரு கோப்பில் யோசனை இருந்தால் யார் வேண்டுமானாலும் மூடலாம். குற்றம் இருந்தால் மூடுகிறவன் கை நடுங்கும்.

திங்கட்கிழமை காலையில் நாற்பத்து மூன்றாவது பக்கத்தை எழுதினேன். ‘இப்பொருளில் 1993ஆம் ஆண்டிலேயே புள்ளியியல் அலுவலர் திரு. ராமானுஜம் அவர்களின் ஆய்வுக் குறிப்பு இருந்தது. நிரந்தரமாக வைக்கப்பட வேண்டிய அரசு ஆவணமான அதை, கையேட்டு விதிக்கு மாறாக, படிக்காமலே மூன்றாண்டு முடிவில் மூடி அழியச் செய்தவர் இதில் கையொப்பமிட்டுள்ள நான். அதனால் அரசு இழந்தது என்ன என்பதை மதிப்பிட, முந்தைய நாற்பத்திரண்டு பக்கங்களையும் முழுமையாகப் படித்துப் பார்க்கக் கோருகிறேன்.’ கீழே கையெழுத்து, தேதி, முத்திரை.

பிரசாத் பத்தே நிமிஷத்தில் என் அறைக்கே வந்துவிட்டார். மூன்று வருஷத்தில் அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை.

“மேடம், என்ன பண்ணியிருக்கீங்க? ரிட்டயராக ரெண்டு வாரம் இருக்கு. இதை எடுத்துடுங்க, நான் பாக்காத மாதிரி இருக்கேன்.”

“எடுக்கமாட்டேன் சார்.”

“விசாரணைன்னு போட்டுட்டா வருஷக்கணக்கா இழுப்பாங்க. முழுப் பென்ஷன் வராது. சர்வீஸ் ஃபுல்லா ஒரு ரிமார்க் இல்லாம வந்தவங்க நீங்க.”

“அந்த ஃபைலை உங்களால மூட முடியுமா சார்?”

அவர் பக்கங்களைப் புரட்டினார். “குற்றத்தை ஒத்துக்கிட்டு எழுதினது இருக்கறப்போ நான் எப்படி மூடறது? மேலதான் அனுப்பணும்” என்றார்.

“அதான் சார் வேணும்.”

அவருக்கு அப்போதுதான் புரிந்தது. என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. கொஞ்சம் மரியாதையும் இருந்ததாக நான் நினைத்துக்கொள்கிறேன். கோப்பு மறுநாள் மேலே போனது. ஜூன் முப்பதாம் தேதி எனக்குப் பிரிவு உபசார விழா நடக்கவில்லை. விசாரணையில் இருப்பவருக்கு மாலை போட்டால் நன்றாக இருக்காதாம். கெங்கம்மா மட்டும் ஒரு முழம் கனகாம்பரம் வாங்கி வந்து கொடுத்தாள். “எங்கனா பாத்தா பேசுங்க மேடம்” என்றாள். ஐந்தே முக்காலுக்கு நந்தனம் நிறுத்தத்தில் பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ராமானுஜம் சாரைப் பார்க்கப் போனேன். எட்டு ஞாயிறு. ஒன்பதாவது ஞாயிறு மணி அடித்தபோது எதிர் ஃப்ளாட்டுப் பெண் கதவைத் திறந்து, புதன்கிழமையே எல்லாம் முடிந்துவிட்டது, பிள்ளை வந்து, மீதிக் காரியத்துக்கு ஊருக்குப் போய்விட்டார் என்றாள். யாருக்கும் என் நம்பர் தெரியாது. சொல்ல வேண்டியவர்கள் பட்டியலில் நான் எப்படி இருப்பேன்? அதன் பிறகு இரண்டு மாதம், பூசைக்கும் மீன் வாங்கவும் தவிர நான் வெளியே போகவில்லை. ஒரு நாள் முழுக்க ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதை ராத்திரி ஜெபம் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் கவனித்தேன். தொண்டை கட்டியிருந்தது.

நவம்பரில் விசாரணைக்கு அழைப்பு வந்தது. ஆழ்வார்பேட்டையில் ஒரு அலுவலகம். விசாரணை அதிகாரி ஜஹீதா என்ற பெண், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். எதிரே என் கோப்பு. பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு, ஓரத்தில் கேள்விக்குறி, நடுநடுவே மஞ்சள் சீட்டு. விசாரணை அதிகாரி கோப்பை முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும் என்பது விதி. ஆனால் விதிக்காகப் படிக்கிறவர்கள் மஞ்சள் சீட்டு ஒட்டமாட்டார்கள்.

1993ஆம் வருஷத்தைப் பற்றிக் கேட்பாள் என்று பதில்களை மனப்பாடம் செய்து வந்திருந்தேன். அவள் இருபத்தாறாம் பக்கத்தைப் பிரித்தாள்.

“மேடம், இது விசாரணைக்குச் சம்பந்தம் இல்லாத கேள்வி. நீங்க சொல்ற ஸ்கூல் எல்லாம் ரெண்டு மாடி, மூணு மாடி. லிஃப்ட் கிடையாது. எண்பது வயசுக்காரங்க எப்படி ஏறுவாங்க?”

மூன்று வருஷம், நாற்பத்திரண்டு பக்கம். ஒரு முறை கூட நான் படிக்கட்டை நினைக்கவில்லை.

“நான் யோசிக்கவே இல்லைங்க” என்றேன். “தப்புதான். பெரிய தப்பு.” சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது, கண்ணிலிருந்தும் வழிந்தது. ஒருவர் என் எழுத்தில் தப்புக் கண்டுபிடித்துவிட்டார்.

ஜஹீதா பதறி, தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினாள். “கீழ்தளம் மட்டும்னு எடுத்துக்கிட்டா எத்தனை பேருக்கு எடம் வரும்னு நான் ஒரு கணக்குப் போட்டுப் பாத்தேன். சரியான்னு தெரியல” என்று ஒரு தாளை எடுத்தாள். சரியில்லை. இரண்டு இடத்தில் பெருக்கல் தப்பு. நாங்கள் அதைத் திருத்தி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது.

ஐந்தடித்ததும் அவள் தேதிக் காலண்டரைப் பார்த்தாள். “ஐயோ, சார்ஜ் பத்தி ஒண்ணுமே கேக்கலையே. அடுத்த விசாரணை எப்போ மேடம் வெச்சுக்கலாம்? அடுத்த மாசம்?”

“சீக்கிரம் வையுங்க” என்றேன். “நாளைக்குன்னாலும் வருவேன்.”